ஏழாவது கட்டம்

படிவத்தின் ஏழாவது கட்டம்: குற்றம் நடந்த இடம்.
ஹரஜ் என்று எழுதினேன்.
ஆடுகூட நுழையத் தயங்கும் பொதும்பு.
ஹா, ரா, ஜீம்.
நெஞ்சு இறுகி, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறோமே,
அதற்கும் இதே மூன்றெழுத்துதான்.
அஜ்லூன் வனத்துறையில் பதினோரு வருடமாக
என் சட்டைப்பைக்கு மேல் தைத்திருக்கும் சொல்.
நேற்றிரவுதான் குத்தியது.

பனி கொட்டிக்கொண்டிருந்தது.
ரம்பச் சத்தம் வந்த பக்கம் டார்ச்சைத் திருப்பினேன்.
கைகப் மரத்தின் சிவந்த பட்டை,
சிராய்த்த முழங்கால்போல.
அதன் பின்னால் நௌஃபா.
விறகுக் கயிற்றை
வயிற்றுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தாள்.
ஏழு மாதம் இருக்கும்.

மரங்கள் மூடிய தோட்டம் ஜன்னா,
வயிறு மூடிய சிசு ஜனீன்.
ஒரே வேர்: மறை, போர்த்து.
ஜின்னும் அங்கிருந்துதான் வருகிறதென்று
பள்ளியில் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.
படிவத்தில் சிசுவுக்குக் கட்டமே இல்லை.

"மிஃப்லிஹ், செவ்வாயோடு மண்ணெண்ணெய் தீர்ந்தது.
உன் மரம் குளிர் தாங்கும். இது தாங்குமா?"
நான் சட்டம் சொன்னேன். அவள் விலை சொன்னாள்.
ஷஜர் என்றால் மரம், ஷிஜார் என்றால் சண்டை;
கிளைக்குள் கிளை மாட்டிக்கொண்டு
எது யாருடையது என்று தெரியாமல் கத்தினோம்.

"உன் புருஷன் எங்கே?"
கேட்டிருக்கக் கூடாது.
"ஃகாப" என்றாள்.
காக்கிச் சட்டைக்காரனின் காதில்
ஃகாபா என்று, காடு என்று விழுந்தது.
"இந்தப் பனியிலா? காட்டுக்கா?"
"காட்டுக்கில்லை. காணோம்.
அகபாவுக்கு லாரி ஓட்டப் போனவன்.
ஆகஸ்டிலிருந்து போன் எடுக்கவில்லை."

மரம் பாதி அறுபட்டு நின்றது.
இனி அது பிழைக்காது, எனக்குத் தெரியும்.
ரம்பத்தை அவள் கையிலிருந்து வாங்கினேன்,
பறிமுதல் செய்வதுபோலத்தான்.
மிச்சத்தை நான் அறுத்தேன்.

ஒன்பதாவது கட்டம்: குற்றவாளி.
ஃகாயிப்.
'ஆஜரில் இல்லை' என்று நீதிமன்றம் படித்துக்கொள்ளும்.
பொய்யில்லை, ஒருவன் இல்லைதானே.
அதுவும் காட்டின் வேரில் முளைத்த சொல்தான்.

விடிந்துவிட்டது.
பச்சை மரம். அவள் வீட்டுக் குழாயில்
கன்னங்கரேலென்று புகை,
மலைச்சரிவு முழுக்கக் கைகப் வாசம்.
மேலதிகாரியின் ஜீப்
இரண்டாவது வளைவு தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறது.
கண்ணாடியை இறக்கியிருக்கிறார்.