திருப்பித் தரப்படமாட்டாது

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் கட்ட வேண்டும்.
ஒரு லட்சத்து எண்பதாயிரம் யென்.
படிவத்தின் அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் இரண்டு வரி:
திருப்பித் தரப்படமாட்டாது.
வேறொருவர் பெயருக்கு மாற்றப்படமாட்டாது.

மிஹாருவுக்கு வேண்டியது மேட்டின் மேலிருக்கும் அரசுப் பள்ளி.
துறைமுகம் தெரியும் ஜன்னல்கள்,
ஓதம் ஏறிய சுவர்,
அங்கே படித்தவன் என்றால் மீன் ஏலக்காரன்கூட
ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பான்.
அதன் தேர்வு மார்ச்சில்,
முடிவு அதற்கும் பிறகு.
இடம் தர ஒப்புக்கொண்டுவிட்ட தனியார் பள்ளிக்கோ
பிப்ரவரியிலேயே பணம் வேண்டும்.

வழுக்கினால் தடுப்பது என்போம்
இப்படிக் கையில் வைத்துக்கொள்ளும் பள்ளியை.
ஹச்சினோஹே தெருக்களில் பனி இறுகும்போது
காலணிக்கு அடியில் மாட்டுகிற இரும்புப் பற்களுக்கும்
அதே பெயர்தான்.

தெய்ஜி படகிலிருந்து பேசினார்.
காற்று பாதி, அவர் பாதி.
கணவாயே இல்லை இந்த வருஷம் என்றார்.
கட்டாதே என்றார்.
கட்டினால் நாம் அவளை நம்பவில்லை என்று ஆகிவிடும்
என்றும் சொன்னார்,
அல்லது நான் அப்படிக் கேட்டேன்.

மிஹாரு எதுவும் கேட்கவில்லை.
பழைய வினாத்தாள்களுக்கு இடையிலிருந்து
சோயா குப்பியை எடுத்து
படிவத்தின் மேல் வைத்தாள்,
எழுத்துகள் கீழே இருக்கும்படி.

வியாழக்கிழமை ஆலையில்
கானாங்கெளுத்திகள் தலையில்லாமல் வந்துகொண்டிருந்தன.
பக்கத்தில் நின்ற கவாமுரா, சத்சுகியின் அம்மா,
கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்:
நீங்க கட்டிட்டீங்களா?

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்.
யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்றாவது.
இல்லை என்றேன். மிஹாரு மேல் நம்பிக்கை இருக்கு என்றேன்.
அதைச் சொல்லும்போது
நல்ல தாய்போல் உணர்ந்ததும் உண்மை.

அப்படியா, என்றாள்.
மூன்று மீன்கள் கடந்துபோயின.
அப்ப நாங்களும் விட்டுடறோம், என்றாள்.
சிரித்தாள்கூட. தோள் இறங்கியது.

மறுநாள் இரண்டு ஐம்பதுக்கு
வங்கிப் படியில் நான் வழுக்கப் பார்த்தேன்.
கைப்பிடி இருந்தது.
ரசீதை அரிசிக் குக்கரின் உத்தரவாத உறைக்குள் ஒளித்தேன்.
தெய்ஜியிடம் சொல்லவில்லை.
மிஹாருவிடம் சொல்லவில்லை.
கவாமுராவிடம் சொல்ல
அதற்குப் பிறகு பத்தொன்பது வேலைநாட்கள் இருந்தன.
எண்ணியிருக்கிறேன்.

மேட்டின் மேல் பலகை வைத்தார்கள்.
இருநூற்றுப் பதினெட்டு இருந்தது.
மிஹாரு என் கையைப் பிடித்தாள்.
பிறகு அவள் கண் ஒரு வரி கீழே போனது,
இன்னும் ஒரு வரி,
திரும்பவும் மேலே.
இருநூற்றுப் பத்தொன்பதின் இடத்தில்
இருநூற்று இருபத்திரண்டு நின்றது.

இருவரும் ஒன்றாகப் போய் விண்ணப்பம் கொடுத்தவர்கள்.
அதனால்தான் அடுத்தடுத்த எண்கள்.

சத்சுகி கூட்டத்தில் எங்கோ இருந்தாள்.
அவளைத் தேடிக்கொண்டு மிஹாரு போனாள்.
நான் போகவில்லை.
தனியார் பள்ளியில் ஓர் இருக்கை
ஏப்ரல் முதல் காலியாக இருக்கப்போகிறது,
என் பணத்தில்,
என் மகள் பெயரில்.
அந்த இரண்டாவது வரி எனக்கு மனப்பாடம்.

திங்கட்கிழமை காலை ஆறரை.
பெல்ட் இன்னும் ஓடத் தொடங்கவில்லை.
கவாமுரா ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்தாள்.
மிஹாருவுக்கு வாழ்த்துகள் என்றாள்,
முறைப்படி, தலை குனிந்து.
மாலைநேரப் பள்ளியில் இன்னும் இடம் இருக்கிறதாம்,
பகலில் இங்கேயே அவளைச் சேர்த்துவிடலாமா
மேற்பார்வையாளரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்றாள்.

கேட்கிறேன் என்றேன்.
பெல்ட் நகர்ந்தது.
முதல் மீன் என்னிடம்தான் வரும்.