ஹைமா தாண்டி

அழைப்பு அவருக்குத்தான் வந்தது.
மார்ச் மாதம், ரூவி ஃப்ளாட்டில், ஷேவ் செய்துகொண்டிருக்கையில்.
பாதி முகத்தில் நுரையோடு வந்து நின்றார்.
"எப்சிபா, சலாலாவுக்குப் போகச் சொல்லுகிறார்."
யார் என்று நான் கேட்கவில்லை.
சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன்.

ஐம்பத்திரண்டு வயது.
சர்க்கரை, இடது முழங்கால்,
கோயம்புத்தூரில் இன்னும் ஐந்து செமஸ்டர் பாக்கியுள்ள மகன்.
சபை தருவது வீட்டு வாடகையும் நூற்றிருபது ரியாலும்.
விசாவுக்கு ஒரு டைல்ஸ் கடையில்
ஸ்டோர்கீப்பர் என்று பெயர்.
ஆராதனைக்கு வெள்ளிக்கிழமை இரண்டரை முதல் நாலு வரை,
எங்களுக்கு முன்னால் மலையாளம், பின்னால் தெலுங்கு.
"பவுலும் கூடாரம் தைத்துத்தானே பிழைத்தார்" என்றார்.
பவுலுக்கு மனைவி இருந்தாளா என்ற கேள்வியை
வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

பதினேழு வருடம் நான் ரத்தம் எடுத்த லேபில்
கேக் வெட்டினார்கள்.
மெர்லின் அழுதாள், மணிலாவிலிருந்து வந்தவள்,
எந்தக் கேக்குக்கும் அழுவாள்.
எனக்கு வரவில்லை.
கிராஜுவிட்டியில் நாற்பது ரியால் குறைந்திருந்தது,
மனம் அதிலேயே கிடந்தது.

கடைசி ஆராதனையில் சாட்சி சொன்னார்.
"அம்மாவும் தங்களை அர்ப்பணித்துவிட்டார்கள்" என்று
எனக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள்.
எப்போது அர்ப்பணித்தேன்?
மசாலா டப்பாக்களுக்கு டேப் ஒட்டினபோதா?

ஆயிரம் கிலோமீட்டர்.
பலூச்சி டிரைவரின் பிக்கப்பில் ஃப்ரிட்ஜ் முன்னால் போக
நாங்கள் பின்னால்.
நிஸ்வா தாண்டி, ஆதம் தாண்டி,
அப்புறம் தாண்டுவதற்கு ஒன்றுமில்லை.
மண், வானம், நடுவில் ஃப்ரிட்ஜ்.
பாடிக்கொண்டே வந்தவர்
எந்த இடத்தில் நிறுத்தினார் என்று கவனிக்கத் தவறிவிட்டேன்.

ஹைமாவில் பெட்ரோல் போட்டோம்.
கரக் சாய் வாங்கப் போனவர் வெகுநேரம் வரவில்லை.
டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில்
இரண்டு கப்போடு நிற்கிறார், இரண்டும் தளும்புகிறது.
"எப்சி, நானாகவே நினைத்துக்கொண்டதாக இருந்தால்?"

மூன்று மாதமாய்க் காத்திருந்தேன் இந்த ஒரு கேள்விக்கு.
ஒத்திகை பார்த்து வைத்த பதில்களெல்லாம்
முண்டியடித்துக்கொண்டு தொண்டைக்கு வந்தன.
திரும்பலாம். லேபில் இன்னும் ஆள் போடவில்லை.
ஃப்ளாட் சாவிகூட வாட்ச்மேனிடம்தான் இருக்கிறது.

பழக்கம் கையைப் பிடித்தது.
விரலில் குத்தினேன். ஐம்பத்தெட்டு.
பேரீச்சம்பழம் நாலு வாயில் திணித்து
ஏசியில் உட்கார வைத்தேன்.
அந்த நடுக்கத்தில் சர்க்கரை எவ்வளவு, சந்தேகம் எவ்வளவு,
பிரித்துச் சொல்ல எந்த லேபிலும் டெஸ்ட் கிடையாது.

கால்மணி கழித்து முகம் தெளிந்தது.
கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை.
நான் கேட்டிருக்கலாம்.
"ஃப்ரிட்ஜ் ரொம்ப தூரம் போயிருக்கும்" என்றேன்,
"சாவியைத் தாருங்கள்."

சீட்டை முன்னே இழுத்தேன்.
பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை என் உயரத்துக்குத் திருப்பினேன்.
இருபுறமும் உப்புப் படிந்த தரை பளபளத்தது.
லோத்தின் மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பாவம்.
பின்னால் பார்க்காமல் எப்படி முன்னால் போவது?

அவர் வாய் திறந்து தூங்கினார்.
ஒட்டகங்களுக்காக இரண்டு முறை பிரேக்.
நோ சொல்லியிருக்க வேண்டிய இடங்களை
ஒவ்வொரு போர்டிலும் வாசித்துக்கொண்டே ஓட்டினேன்.

தும்ரைத்துக்கு அப்பால் மலை இறங்கும்போது
கண்ணாடியில் ஈரம்.
கரீஃப் தொடங்கிவிட்டிருந்தது.
ஒன்பது மாதத்தில் முதல் முறையாக வைப்பரைப் போட்டேன்,
மஸ்கட்டின் தூசியெல்லாம் சேறாய் வழிந்து
ஒரு நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை.
பிறகு பனிமூட்டத்துக்குள் இரண்டு சிவப்பு விளக்கு,
அவற்றுக்கு மேலே என் போர்வை சுற்றிய ஃப்ரிட்ஜ்.

விழித்தார். "எங்கே இருக்கிறோம்?"
"தெரியவில்லை. அதன் பின்னால் போகிறோம்."
கண்ணைக் கசக்கிப் பார்த்தார்.
"மேகஸ்தம்பம்..." என்று ஆரம்பித்தார்.

"பேசாமல் வாருங்கள். வளைவு இருக்கிறது" என்றேன்.
"பிரசங்கம் வெள்ளிக்கிழமைக்கு இருக்கட்டும்."