கையில் படாத காசு

இரண்டாயிரத்து எட்டு ஆகஸ்டில்
வங்கியில் எங்களுக்கு எலுமிச்சை மிதக்கும் தேநீர் கொடுத்தார்கள்.
டையில் குட்டிக் குட்டிப் பாய்மரம் போட்ட பையன்
இரண்டு தாள்களை நீட்டினான்:
நம் ஸ்லோட்டியில் கடன் என்றால் மாதம் இவ்வளவு,
சுவிஸ் பிராங்கில் என்றால் இவ்வளவுதான்.
'சுவிட்சர்லாந்து, மேடம். அங்கே என்ன நடந்துவிடப் போகிறது?'
ரெமிகியுஷ் சிரித்தான். நானும்.
ஒரு பிராங்க் இரண்டு ஸ்லோட்டி.
ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பிராங்க்.
லூப்லினில் நான்காம் மாடி, இரண்டு அறை,
சைக்கிள் நிறுத்த மட்டும் இடமுள்ள பால்கனி.

அப்போது மேற்கிலிருந்து பணம் வந்தபடி இருந்தது.
எங்கள் தெருவில் மட்டும் ஐந்து கிரேன்.
கடன் கொஞ்சம் அடங்கட்டும் என்று
வார்சாவில் வட்டியை ஏற்றினார்கள்.
அவர்கள் ஏற்ற ஏற்ற
நாங்கள் சூரிச் பக்கம் சாய்ந்தோம்.

பிராங்க் எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை.
அது வங்கியின் ஏட்டில் பிறந்து
அங்கேயே ஸ்லோட்டியாகி வெளியே வந்தது.
யாகோதாவின் பள்ளியில் ஒருமுறை
அயல்நாட்டு நாணயம் கொண்டுவரச் சொன்னார்கள்,
தாளுக்கடியில் வைத்துப் பென்சிலால் தேய்க்க.
லட்சத்துக்கு மேல் கடன்,
தேய்க்க ஒரு காசு இல்லை.
பக்கத்து வீட்டில் உக்ரைன் காசு வாங்கிக் கொடுத்தனுப்பினேன்.

ஜனவரி. வியாழக்கிழமை காலை.
நான் ஓட்டிய நூற்றைம்பத்தாறாம் எண் டிராலிபஸ்
திருப்பத்தில் இரண்டு கொம்பும் கம்பியை விட்டு நழுவ
நடுச்சாலையில் செத்து நின்றது.
கையுறை மாட்டி இறங்கி
பின்னால் கயிற்றைப் பிடித்து இழுக்கிறேன்.
ஜன்னலுக்குள் ஒருவர் கைபேசியை ஆட்டுகிறார்:
'பிராங்க் நாலு! இல்லை, ஐந்து!'
தலைக்கு மேல் நீலப் பொறி.
வண்டி முனகி நகர்ந்தது.
அடுத்த நிறுத்தத்தின் பெயரைப் பதிவுக்குரல்
எப்போதும்போலச் சொன்னது.

காரணத்தை மாலையில் தொலைக்காட்சியில் விளக்கினார்கள்.
ஐரோப்பாவில் பயந்த பணமெல்லாம்
சுவிஸில் ஒண்ட வந்ததாம்.
(பயந்த மனிதர் வந்தால் பாஸ்போர்ட் கேட்பார்கள்.)
ஏறப் பார்த்த பிராங்கை மூன்று ஆண்டுக்கு மேல்
அவர்களுடைய மத்திய வங்கி அமுக்கிப் பிடித்திருந்ததாம்,
யூரோவாக வாங்கி வாங்கிக் குவித்து.
அன்று காலை கையை எடுத்துவிட்டது.
யார் மேலும் கோபமில்லையாம்.
அங்கும் ஏதோ மலையடி விடுதியில் ஒருத்தி,
ஜெர்மன்காரர்கள் வேண்டாமென்ற அறைகளைப்
பேரேட்டில் ஒவ்வொன்றாக அடித்திருப்பாள்.
அவளுக்கு என் பெயர் தெரியாது.

ரெமிகியுஷ் எரிவாயு ரசீதின் முதுகில் கணக்குப் போட்டான்.
வாங்கியது இரண்டு லட்சத்து இருபதாயிரம் ஸ்லோட்டி.
ஆறு வருஷம், ஒரு மாதம் தவறாமல் கட்டியாயிற்று.
மீதி, மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரம்.
'தப்பு. திரும்பப் போடு.'
போட்டான்.
பிறகு பால்கனிக்குப் போய்
பனியில் வெகுநேரம் சைக்கிளைத் துடைத்தான்.

வழக்குப் போட்டு வென்றவர்கள் உண்டு.
நாங்கள் வரிசையில் பின்னால்.

யாகோதா இப்போது சூரிச்சில்,
பல் மருத்துவர் ஒருவருக்கு உதவியாள்.
சம்பளம் பிராங்கில்.
மாதம் இருநூறு நேராக எங்கள் கடன் கணக்குக்கு.
பதினாலு வருஷத்தில் அந்தக் கடன்
முதன்முதலாக நிஜப் பிராங்கைத் தொட்டது.
ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில்
'பிராங்க் ஏறியிருக்கு அம்மா' என்பாள் உற்சாகமாக,
சொல்லி முடிக்குமுன் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.
ஒரே எண்ணை ஆளுக்கொரு முனையில் பிடித்திருக்கிறோம்.

போன கிறிஸ்துமஸுக்கு ஒரு பிராங்க் கொண்டுவந்தாள்.
எல்லோரும் தூங்கிய பிறகு
தாளுக்கடியில் வைத்துத் தேய்த்தேன்.
ஈட்டியும் கேடயமுமாக ஒரு பெண் எழும்பி வந்தாள்,
சுற்றிலும் நட்சத்திரம்,
முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி.
என்னைப் பார்க்கவில்லை.

இன்னொரு தாள் எடுத்தேன்.