ஒரே கட்டி, இரண்டு கடிகாரம்

நான்னிங். ஏழாவது மாடி. திரை இழுத்த அறை.
லூ தாஷிங் இடது கையை நீட்டுகிறார்.
ஹெங்ஜோ மல்லிகை மண்டியில் எடை போடும் கை;
மணிக்கட்டில் தராசுச் சங்கிலியின் காய்ப்பு.
ஊசி போடுகிறவள் யான்ஃபெய்.
விலாவுக்குக் கீழே கருவியை அழுத்திப் பிடித்திருப்பது நான்.

ஒன்றரை மில்லிதான். பால் நிறம்.
நுரை என்றும் சொல்லிவிட முடியாத நுரை:
சிவப்பணுவைவிடச் சிறிய குமிழிகள்,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் கொஞ்சம் வாயு.
பின்னாலேயே உப்புநீர்.
கடிகாரத்தைத் தட்டுகிறேன்.

பதினொன்று. பன்னிரண்டு.
பதினாறாம் நொடியில்
கட்டியின் விளிம்பு மட்டும் பற்றிக்கொள்கிறது,
ஓரத்தில் தீப்பிடித்த காகிதம் போல.
பித்தநாளத்துப் புற்று என்று
மனம் எழுதத் தொடங்கிவிட்டது.
பொறு.
இருபதில், உள்ளே, முதுகுப் பக்கமாக ஒரு துண்டு
முழுசாக வெளுத்துப் பொங்குகிறது.
அது நாளத்தின் வேலை இல்லை. ஈரல் செல்லின் வேலை.

"மூச்சை இழுத்து நிறுத்துங்க."
நிறுத்துகிறார்.

நாற்பத்தெட்டில் விளிம்பு மங்குகிறது,
கடன்காரன் கடையைத் தாண்டும் வேகத்தில்.
உள்துண்டு அசையவில்லை.
ஒரு நிமிடம். ஒன்றரை.
இரண்டைத் தாண்டித்தான் லேசாகச் சாம்பல்.
ரத்தச் சீட்டைப் புரட்டினால் அதிலும் இதே கூத்து:
ஏறக் கூடாத இரண்டு எண்களும் ஏறி நிற்கின்றன,
ஒன்று ஈரலைக் கைகாட்ட, இன்னொன்று நாளத்தை.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

பிறந்த அன்றே தாயிடமிருந்து வந்த பி வைரஸ்.
விருந்துக்கு விருந்து பச்சையாக அரிந்த ஆற்று மீன்,
கடலை எண்ணெயும் இஞ்சியும் பிசறி.
எது எதைக் கூட்டிவந்தது என்று அவரைக் கேட்கவில்லை.
அந்தத் தட்டில் நானும் கைவைத்தவள்தான்.

"ரெண்டு ரகமா தெரியுதே?"
அவர் திரையைப் பார்த்துவிட்டார்.
"எங்க மண்டியில மொட்டும் விரிஞ்சதும்
ஒரே மூட்டையில கலந்து வந்தா
மட்டமானதோட விலைதான் போடுவோம்."
யான்ஃபெய் பஞ்சை அழுத்துகிறாள்,
தேவைக்கு மேல், நெடுநேரம்.

படிவத்தில் ஒரு கட்டத்தில்தான் குறியிடலாம்.
எதிலும் இடவில்லை.
கீழே, கோட்டுக்கு வெளியே எழுதுகிறேன்:
கலப்பு வகையாக இருக்கலாம்.
ஊசி இரண்டு இடத்தில் போகட்டும்,
விளிம்பில் ஒன்று, உள்துண்டில் ஒன்று.
ஒன்றோடு நிறுத்தினால் பாதி உண்மை
முழு உண்மையின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

அவரிடம் இவ்வளவுதான் சொன்னேன்:
"மூட்டையை அடிவரைக்கும் கொட்டிப் பார்க்கணும்."
"அதுதான் முறை," என்றார்.
பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டார்;
யாரும் திருத்தவில்லை.

கால்மணி நேரத்தில் குமிழியெல்லாம் உடைந்துபோகும்.
வாயு நுரையீரல் வழியே வெளியே வரும்.
இந்நேரம் லிஃப்டில் இறங்கிக்கொண்டிருப்பார்,
பக்கத்தில் யாரோ, கையில் நூடுல்ஸ் பொட்டலத்தோடு,
அவர் விட்ட மூச்சை இழுத்துக்கொண்டு.
அதில் மணமே இருக்காது.