மாதிரி

முசஃபாவில் எங்கள் கூடத்துக்கு
இடப்பக்கம் டயர் கடை,
வலப்பக்கம் அலுமினியக் கதவு அறுக்கிறவர்கள்.
நடுவில் நாங்கள்
தலைமுடியில் மூன்றிலொரு பங்கு தடிமனுள்ள படலத்தை
மடித்து, விரித்து,
எவ்வளவு முரண்டுகிறது என்று எழுதிவைக்கிறோம்.

மடிக்கவும் சட்டம் உண்டு.
இரண்டு கிலோ எஃகு உருளை, ஒரே தடவை, ஒரே திசை.
கையுறை கட்டாயம். மூச்சைத் தள்ளி விடவேண்டும்.
பத்து நிமிடம் பொறுத்துப்
பிடியில் மாட்டி இழுத்தால்
திரையில் கோடு ஏறும்:
மடிப்பு திறக்கிற வரை சோம்பலாய்,
படலமே இழுபடும்போது செங்குத்தாய்.
விட்டால், போன வழியே திரும்பி வராது.
மறுபடி இழுத்தால் வேறொரு கோடு.
மடிந்த எதற்கும்
முதல் இழுப்பு ஒரு முறைதான்.

கணினியில் நான் கட்டியதும் மாதிரி,
பிடியில் தொங்குவதும் மாதிரி.
நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
அது மாதிரி இது இருந்தால் சம்பளம்.
என் மாதிரியில் மடிப்பு என்பது ஒரு கீல்,
கீலில் ஒரு சுருள்வில்,
வில்லுக்கு ஓர் எண்.
அந்த எண் பிடிபட்ட அன்று கேக் வெட்டினோம்.

காட்டுபாவா கீழக்கரைக்காரர், எங்கள் பிக்கப் ஓட்டுகிறவர்.
முந்தைய வருஷம் வெட்டிப்போட்ட துண்டொன்றைக் கேட்டார்:
"தங்கமா மினுங்குது மேடம்,
மக நோட்டுக்கு அட்டை போடலாம்."
நாலாய் மடித்தார்.
கட்டைவிரல் நகத்தால் நீவினார்.
முன்கண்ணாடியின் கீழே, பார்க்கிங் சீட்டுகளுக்கு அடியில் செருகி
மறந்துபோனார்
இரண்டு கோடை.

இந்த ஆகஸ்டில் கொண்டுவந்து மேசையில் போட்டார்.
"விரியவே மாட்டேங்குது. உங்க சரக்கு மோசம்."

உருளையில் மடித்தவை விட்டதும்
நூற்றுப்பத்து பாகைக்குத் தாமே திறந்துகொள்ளும்.
இது பதினெட்டில் நின்றது.
தட்டினேன். பதினெட்டு.
மறுநாள் காலை வந்து பார்த்தேன்,
பத்தொன்பது என்று சொல்ல ஆசை.
பதினெட்டு.

ஹைதர் எட்டிப் பார்த்தார்:
"சட்டப்படி மடிக்காதது. கணக்கில் சேராது, தூக்கிப் போடு."
அவர் சொன்னது சரி.
உருளை இல்லை, கையுறை இல்லை,
விசை எவ்வளவு என்று நகத்துக்குத் தெரியாது.

ஆனால் வாடிக்கையாளரின் பாய்
ராக்கெட் கிடைக்கும்வரை
ஒரு பெட்டிக்குள் மடித்தபடி கிடக்கப்போகிறது.
ஒரு வருஷமோ மூன்றோ, யாருக்குத் தெரியும்.
எங்கள் மாதிரிகள் காத்திருந்தது
பத்து நிமிடம்.
என் சுருள்வில்லுக்குக் காத்திருக்கவே தெரியாது.

ராத்திரி ஒன்பது மணிக்கு
சமன்பாட்டில் காலத்துக்கு ஓர் இடம் ஒதுக்கினேன்,
பக்கத்தில் வெயிலுக்கு ஒன்று.
அதுவரை அழகாய்ப் பொருந்தியிருந்த முப்பத்திரண்டு கோடுகளும்
கொஞ்சம் கொஞ்சம் விலகின.
அடுப்பை எண்பதில் வைத்து
புதிதாய் ஆறு துண்டுகளை மடித்து உள்ளே அடுக்கினேன்.
பிப்ரவரியில் திறக்கலாம்.
அறிக்கை தாமதம் என்று மெயில் எழுதினேன்,
மூன்று முறை அழித்து.

காட்டுபாவாவின் துண்டை இன்னும் இழுக்கவில்லை.
பிடியில் மாட்டுவேன், கழற்றுவேன்.
ஒரு முறைதான்.

பதிலுக்கு அவருக்குப் புதுத் துண்டு கொடுத்தேன்.
மகள் இப்போது பத்தாவதாம்,
அட்டை போடுகிற வயசெல்லாம் போச்சாம்.
இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.
மடிக்கப் போனவர்
என்னைப் பார்த்தார்,
சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.