தொண்ணூற்றிரண்டு

முள் எழும்பவே இல்லை.
கண்ணாடியில் படிந்த உறைபனியை
ரேஷன் கார்டால் சுரண்டிவிட்டுக்
காந்தலில் கிளம்பினால் குன்னூர்வரை இறக்கம்.
இறக்கம் முழுக்க முள் அடியிலேயே படுத்திருக்கும்.
ஹீட்டரைச் சிவப்புக் கோடுவரை திருகுவேன்.
ஃப்ரிட்ஜ் திறந்த காற்று வந்து
சாக்ஸுக்குள் நுழையும்.
டியூட்டி முடிந்து ஏறும்போது
வேலிவியூ வளைவில் லேசாகத் தலைதூக்கும்,
சேரிங்கிராஸில் நின்றதும் விழுந்துவிடும்.

'மலை வண்டிக்கு அப்படித்தான் சிஸ்டர்,
சூடேறினாத்தான் பயப்படணும்' என்றார் முனாஃப்.
வார்டில் ஒருவர் முப்பத்துநாலில் கிடந்தால்
அப்படியா விடுகிறோம்.

ஞாயிறு. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த இன்ஜின்.
ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக்
கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.
நல்ல வண்டியில் அந்த ஹோஸ்
பத்து நிமிஷம் ஜில்லென்றே இருந்து
சட்டென்று சுட வேண்டும்.
இது இரண்டாம் நிமிஷமே வெதுவெதுத்தது,
அதற்குமேல் சுடவுமில்லை.
உள்ளே கதவு சாத்தவே இல்லை.
பிறந்த சூட்டையெல்லாம் ரேடியேட்டர் வழியே
ஊட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்,
லிட்டர் நூற்றிரண்டு ரூபாய்க்கு.

பத்தாம் நம்பர் போல்ட் இரண்டு.
ஒன்று வந்தது.
இன்னொன்றுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமென்றால்
பாட்டிலில் எண்ணெய் கட்டி.
அக்குளில் இடுக்கி உருக்கினேன்.
ஒரு மணி நேரம்.
வந்தது.
பேசினில் பச்சைத் தண்ணீர்,
பக்கத்து வீட்டுப் பூனை மோந்துகொண்டே வர,
இனிக்குமாம் அது, கொன்றும்விடுமாம்,
தூக்கி மீட்டர் பெட்டி மேல் வைத்தேன்.
பழைய தெர்மோஸ்டாட் கைக்கு வந்தது:
ஒரு வர்க்கி அகலம்,
துருவில் சிக்கி வாய் பிளந்தபடி.
குழாய்த் தண்ணீரில் முக்கியும் மூடவில்லை.

புதியது கோயமுத்தூரிலிருந்து பஸ் பார்சலில் வந்திருந்தது.
விளிம்பில் 88 என்று குத்தியிருந்தது.
'எம்பத்தெட்டுல திறக்க ஆரம்பிக்கும், நூறுல முழுசா.
மாட்டறதுக்கு முன்னாடி கொதிக்க வச்சுப் பாத்துருங்க.'
கடைக்காரர் போனில் சொன்னது.

அருளப்பன் சாக்லேட் காய்ச்சும் சட்டியை எடுத்தேன்,
அவனுடைய தெர்மாமீட்டரையும்.
'நாளைக்கு ஆர்டர் இருக்கு,
முந்திரி சாக்லேட்ல கிரீஸ் வாசனை வந்தா
எவன் வாங்குவான்' என்றபடி
அவனே நூலில் கட்டித் தொங்கவிட்டான்.

எண்பத்தெட்டு. ஒரு நூல் அளவு வாய் திறந்தது.
தண்ணீர் கொதித்தது.
இன்னும் கொதித்தது.
வாய் அரைகுறையாகவே நின்றது.
கடைக்காரரைத் திட்டப் போனை எடுத்துவிட்டேன்.
அருளப்பன் ஆவிக்குள் குனிந்து
'தொண்ணூத்திரண்டுதான் காட்டுது' என்றான்.
கேஸைக் கூட்டினான்.
தளதளவென்று அடுப்பெல்லாம் தெறித்தது,
தொண்ணூற்றிரண்டு.

போனைக் கீழே வைத்தேன்.
பதினேழு வருஷமாக
குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத ஊரில் சமைக்கிறேன்.
இந்த உயரத்தில் தண்ணீருக்கு
நூறுவரை பொறுமை கிடையாது, எனக்குத் தெரியும்.
தெரிந்தது வேறொரு சட்டியில் வந்தால்
அடையாளம் தெரியவில்லை.
ரேடியேட்டருக்கு மூடி இருக்கிறது, அழுத்தம் இருக்கிறது.
அது குக்கர்.
'மாட்டு' என்றான்.

ஒட்டியிருந்த பழைய கேஸ்கெட்டை
நீலகிரித் தைலமும் பிளேடுமாகச் சுரண்டி எடுத்தேன்.
குட்டி ஊசி மேலே பார்க்க வைத்து மூடினேன்.
அவன் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக்
குமிழிகள் வந்தன, வந்து நின்றன.
ஒரு வாஷர் மிச்சம்.
எதனுடையது என்று இன்னும் தெரியவில்லை.

திங்கள், ஐந்தரை மணி.
கேத்தி பிரிவு தாண்டுமுன்
முள் நடுவில் வந்து நின்றுவிட்டது.
பாதத்தில் சூடு. பிறகு முழங்காலில்.
தைல வாசனை வேறு.
ஸ்வெட்டருக்குள் வேர்த்தது.
அரவங்காட்டில்
ஜன்னலை ஒரு நூல் அளவு இறக்கினேன்.