இடப்பக்கம் திரும்பும் பழக்கம்

கிணற்றில் நீந்திப் பழகியவனுக்கு
நேர்கோடு வராது.
லத்தேரியில் மச்சினன் கிணறு,
ஏழு கை போட்டால் சுவர்.
இடது தோளைத் தாழ்த்தித் திரும்பணும்.
எட்டு மாதம் திரும்பினேன்.
மேலே மோட்டார் கொட்டாயில் சட்டை தொங்கும்,
படியில் ஒரு ஓணான்
என்னை எண்ணிக்கொண்டிருக்கும்.

மோர்தானா அணை, மார்கழி, காலை ஆறு.
முப்பத்தொன்பது பேர் இறங்கினோம்.
சுவர் இல்லை.
மஞ்சள் மிதவை நேரே இருந்தது,
நான் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தேன்.
"அண்ணே, அந்தாண்ட ஆந்திரா!
இந்தாண்ட வாண்ணே!"
பரிசலில் இருந்து ஒரு பையன் கத்தினான்.
மூன்று முறை கத்தினான்.
மூன்றே முக்கால் கிலோமீட்டர் நீந்தவேண்டிய இடத்தில்
நாலரை நீந்தியிருப்பேன்.
யாரும் அதைக் கணக்கில் எழுதவில்லை.

கணக்கெழுதுவது என் பிழைப்பு.
சத்துவாச்சாரியில் வீடுவீடாய் மின்மீட்டர் பார்ப்பவன்.
எந்தத் தெரு நாய்
எத்தனை மணிக்குத் தூங்கும் என்பது அத்துப்படி.
நாற்பத்தி நாலு வயசில் எதுக்கு இது
என்று கோமளா ஒரே ஒரு தடவை கேட்டாள்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
இன்னும் யோசிக்கிறேன்.

நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள்.
பாலாற்றுப் பாலத்தை எட்டு முறை தாண்டினேன்.
கீழே மணல்,
ஓரத்தில் பாய் விரித்த அளவுக்குத் தண்ணீர்,
அதில் ஒரு எருமை.
எருமையை வைத்துச் சுற்றுகளை எண்ணினேன்.
ஆறாவது முறை எருமை இல்லை.
அதற்குப் பிறகுதான் முதுகு வலிக்கத் தொடங்கியது.
பள்ளிகொண்டா மேம்பாலத்தில் எதிர்க்காற்று.
பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று
என்னை முந்தாமல் கூடவே வந்தது,
ஓட்டுநர் ஜன்னல் வழியே கட்டைவிரல் காட்டினார்.
நாற்றத்தில் மூச்சடைக்க
நானும் காட்டினேன்.

ஓட்டம், குடியாத்தத்தில்.
கவுண்டன்ய ஆற்றோரம் போய், திரும்பி, போய், திரும்பி.
இருட்டியபின் தொடைகள் வேறு யாருடையவோ ஆயின.
முப்பதாவது கிலோமீட்டரில்
தீப்பெட்டிக் கம்பெனிச் சுவரோரம்
வாந்தியெடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்
மேல்விஷாரம் ஃபர்ஹான் அகமது,
தோல் மண்டியில் கணக்கர்,
காலையில் எனக்குக் கண்ணாடி துடைக்கத் துணி கொடுத்தவர்.
உப்பு மாத்திரைகளை நீட்டினார்:
"எனக்கு இனிமே வேலைக்காவாது. வெச்சுக்குங்க."
வாங்கிக்கொண்டேன்.
கூட உட்காரவில்லை.
ரெண்டு நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம்.
அடுத்த பன்னிரண்டு கிலோமீட்டரும்
அந்த ரெண்டு நிமிஷத்தைத்தான் இழுத்துக்கொண்டு ஓடினேன்.
ஓடினேன் என்பது மரியாதைக்கு. நடந்தேன்.

பதினேழு மணி நேரம் கெடு.
எனக்குப் பதினேழு மணி ஒன்பது நிமிஷம்.
நேரம் பதியும் பாயைச் சுருட்டி
வேனில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.
காற்று பிடுங்கிய வளைவு
தரையில் படுத்திருந்தது.
கோமளா பிளாஸ்டிக் நாற்காலியில்
தூக்குச்சட்டியைக் கட்டிக்கொண்டு உறங்கினாள்.
எழுப்பவில்லை.

பள்ளிக்கூடச் சுவரில் மீட்டர்,
சிவப்புப் பொட்டு சிமிட்டிக்கொண்டிருந்தது.
பழக்கதோஷம், குனிந்து படித்தேன்:
நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்று.
நிமிர முடியவில்லை.

"முடிச்சீங்களா?"
வேன் படியில் ஃபர்ஹான்.
கலந்துகொண்டவர்க்கெல்லாம் கொடுத்த
குடியாத்தம் கைலியைப் போர்த்தியிருந்தார்.
"நேரம் போயிடுச்சுங்க."
"கிலோமீட்டரு?"
"அது முழுசா இருக்கு."

தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்,
அவருக்கு இடப்பக்கம்.
உட்கார்ந்தேன்.
மீதி மாத்திரை நாலு இருந்தது,
திருப்பிக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டார்.